பாயா? கம்பளமா? பிளாஸ்டிக்கா?
தரையில் விரிக்க எது நல்லது?

வீடு கட்டியாகிவிட்டது. சுவருக்கு வர்ணம் அடித்தாகிவிட்டது. தரையில் பளபளவென்று டைல்ஸ் பதித்தாகிவிட்டது.

இனி அந்தத் தரையில் என்ன விரிப்பது?

வேங்கிக்காலில் இன்று பல வீடுகளில் இந்தக் கேள்வி எழுகிறது. திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில் இருக்கிறது இந்த ஊர். 1989-ம் ஆண்டு வட ஆர்க்காடு மாவட்டம் பிரிந்து, திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆயிற்று. கலெக்டர் ஆபீஸ் வேங்கிக்காலில் அமைந்தது. உத்தியோகஸ்தர்கள் வந்தார்கள். வயலாகக் கிடந்த இடங்களில் வீடுகள் எழுந்தன.

புது வீடு என்றால் புது ஆசைகளும் வரும் அல்லவா?

அப்படி ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். மகனுக்குக் கம்பளத்தின் மேல் ஆசை. "கூடத்தில் ஒரு கம்பளம் போட்டால் வீட்டுக்கே ஒரு களை வந்துவிடும்" என்கிறார்.

"கோரைப் பாய் வாங்கிப் போடப்பா. படுத்தால் உடம்பு குளுகுளுவென்று இருக்கும்" என்கிறார் அவருடைய தாயார்.

மருமகளின் கவலை வேறு. "குழந்தை ஒன்றுக்குப் போய்விட்டால் கோரைப் பாயை எப்படிக் கழுவுவது, அத்தை? பிளாஸ்டிக் பாய் என்றால் ஒரு வாளித் தண்ணீர் போதும்" என்கிறார்.

மூன்று பேர். மூன்று யோசனைகள். யார் சொல்வது சரி?

மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் சரி இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே இடத்துக்குச் சரிப்படாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போனால் பணம் பாழ். சில சமயம் ஆபத்தும் உண்டு.

பக்கத்திலேயே பாய் ஊர்

இந்த வீட்டார் நல்ல பாய் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. அதே மாவட்டத்தில், திருவண்ணாமலைக்கு வடகிழக்கே இருக்கிறது வந்தவாசி.

சரித்திரப் பாடம் படித்தவர்களுக்கு இந்த ஊர் நினைவிருக்கும். 1760-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய இடம். அயர் கூட் ஜெயித்தார். லாலி தோற்றார். அந்தச் சண்டையோடு பிரெஞ்சுக்காரரின் கனவு கலைந்தது.

பீரங்கிச் சத்தம் ஓய்ந்து 260 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்று வந்தவாசி என்றால் ஜனங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கோரைப் பாய்தான். கல்யாணச் சீர் வரிசையில் பாயும் தலையணையும் வைக்கும் வழக்கம் இருக்கிறதே, அதற்காக வந்தவாசிப் பாயைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு.

கோரை என்பது ஒரு புல். ஈரம் உள்ள இடத்தில் ஆளுயரம் வளரும். ஏரிக்கரை, ஆற்றங்கரைகளில் தானாகவும் முளைக்கும். காவிரிக் கரையில் கரூர், முசிறிப் பக்கங்களில் இதைப் பயிராகவே செய்கிறார்கள். ஒரு முறை நட்டால் போதும். பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அறுக்கலாம்.

கோரைத் தண்டை ஒடித்துப் பாருங்கள். மூன்று பட்டையாக இருக்கும். உள்ளே பஞ்சுபோல மெத்தென்று இருக்கும். அந்தப் பஞ்சுக்குள் நுண்ணிய அறைகள். அறைகளுக்குள் காற்று.

கோரைப் பாயின் ரகசியம் இதுதான்! நாம் படுக்கும்போது உடம்புக்கும் தரைக்கும் நடுவே காற்று இருக்கிறது. வேர்வை வந்தால் கோரை அதை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு மெல்ல வெளியே விட்டுவிடுகிறது. ஆகவே முதுகு நசநசவென்று ஒட்டுவதில்லை. "குளுகுளு" என்று அந்தத் தாயார் சொன்னது வெறும் பழக்கத்தால் சொன்ன சொல் அல்ல.

புல் எப்படிப் பாய் ஆகிறது?

அறுத்த கோரையை நீளவாக்கில் கிழிப்பார்கள். முரட்டுப் பாய்க்கு இரண்டு மூன்று கீற்று. மெல்லிய பாய்க்கு இன்னும் பல கீற்று. பிறகு வெயிலில் காயப்போடுவார்கள். பச்சை நிறம் போய் வைக்கோல் நிறம் வரும். வேண்டுமானால் சாயம் ஏற்றுவார்கள்.

தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு. அது நூல். குறுக்கே போவது கோரை. ஒருவர் கோரையைக் குச்சியில் கோத்துப் பாவு நூல்களுக்கு நடுவே செலுத்துவார். இன்னொருவர் அச்சுக் கட்டையால் அதை இழுத்து நெருக்குவார். ஒரு கோரை, ஒரு நெருக்கு. மறு கோரை, மறு நெருக்கு. இப்படியே ஆள் நீளத்துக்கு நெய்ய வேண்டும். குனிந்த முதுகு நிமிராது. இப்போது விசையால் ஓடும் தறிகளும் வந்துவிட்டன. வேலை சுருக்காக முடிகிறது. விலையும் குறைகிறது.

கோரைப் பாய்க்கு மகுடம் வைத்த ஊர் ஒன்று உண்டு. அது திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடை. அங்கே கோரையை ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மயிரிழைபோலக் கிழித்து நெய்வார்கள். அந்தப் பாயைத் துணிபோல மடிக்கலாம்! மணமகன், மணமகள் பெயரையே பாயில் நெய்து கொடுப்பார்கள். 1953-ல் இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்குத் தங்கள் பாய் பரிசாகப் போனது என்று பத்தமடைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மற்ற ஊர்ப் பாயை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று அர்த்தம்.

ஆனால் அது விசேஷங்களுக்கு உரிய பாய். தினப்படி படுக்கைக்கு வந்தவாசிப் பாயே போதும்.

கோரையின் குறை

கோரைக்குக் குறையே இல்லையா? உண்டு. ஈரம்தான் அதற்குச் சத்துரு.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் திருவண்ணாமலைப் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும். நனைந்த பாயைச் சுருட்டி மூலையில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் கறுப்புப் புள்ளி விழும். அதுதான் பூஞ்சணம். அப்புறம் எத்தனை துடைத்தாலும் வாடை போகாது.

கோரைப் பாயை மடிக்கக் கூடாது. மடித்த இடத்தில் ஒடியும். சுருட்டி, நிமிர்த்தி வைக்க வேண்டும். தண்ணீரில் ஊறவைத்துத் துவைக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, வெயிலில் காட்டி எடுத்தால் போதும்.

மருமகளின் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே! கைக்குழந்தை உள்ள வீட்டில் கோரைப் பாயின் மேல் ஒரு ரப்பர் விரிப்பு, அதன் மேல் மடித்த பருத்தித் துணி. நம் பாட்டிமார் காலத்து வழிதான். நனைந்தால் துணியை மட்டும் மாற்றலாம். ரப்பர் விரிப்பு குழந்தை படுக்கும் அளவு இருந்தால் போதும்.

பிளாஸ்டிக் வந்த கதை

பிளாஸ்டிக் பாய் எதனால் ஆனது? பெரும்பாலும் பாலிபுரோபிலின் என்ற பொருளால் ஆனது. பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. பிளாஸ்டிக் வாளி, சாக்குப் பை, நாற்காலி பலவும் இதில் செய்தவைதான்.

1935-ல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்ற விஞ்ஞானி நைலானைக் கண்டுபிடித்தார். 1954-ல் இத்தாலி தேசத்தில் ஜூலியோ நாட்டா என்ற விஞ்ஞானி பாலிபுரோபிலினை உருவாக்கினார். அவருக்கு 1963-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஜெர்மன் விஞ்ஞானி கார்ல் சீக்லரும் அந்தப் பரிசில் பங்கு பெற்றார். இரண்டுக்கும் மூலம் பூமிக்குள்ளிருந்து எடுக்கும் எண்ணெயும் வாயுவும்தான். செயற்கைக் கம்பளங்களும் நைலான், பாலியெஸ்டர், பாலிபுரோபிலின் ஆகிய இழைகளில்தான் தயாராகின்றன.

பிளாஸ்டிக் பாய் தண்ணீரைக் குடிப்பதே இல்லை. வாளித் தண்ணீரைக் கொட்டினாலும் உதறினால் போச்சு! பூச்சி அரிக்காது. பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. எடையும் குறைவு. பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றி வருகிறவர்கள் வழியில் கொஞ்சம் உட்காரப் பிளாஸ்டிக் பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிறார்கள். அது புத்திசாலித்தனமே. ஈர மண்ணில் கோரைப் பாயை விரிப்பது பாவம்.

ஆனால் தண்ணீரைக் குடிக்காத பாய் வேர்வையையும் குடிக்காது அல்லவா? கோடையில் திருவண்ணாமலை வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த இரவில் வெறும் பிளாஸ்டிக் பாயில் படுத்துப் பாருங்கள். வேர்வை முதுகிலேயே நிற்கும். குழந்தைகளுக்கு வேர்க்குரு வந்தால் தாங்குவார்களா? பிளாஸ்டிக் பாய்தான் இருக்கிறது என்றால் அதன் மேல் தடித்த பருத்தி விரிப்பு அவசியம்.

இன்னொன்று. மொட்டை மாடியில் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். வெயில் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் நொறுங்கும். தூள் தூளாக உதிரும். அந்தத் தூள் மக்காது.

நெருப்பு! ஜாக்கிரதை!

இதைத் தயவுசெய்து வீட்டில் உள்ள எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலை மலை உச்சியில் ஜோதி எரியும்போது, சுற்று வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு அகல் விளக்கு எரியும். மற்ற நாட்களில் கொசுவத்தி, ஊதுவத்தி, இஸ்திரிப் பெட்டி. இவையெல்லாம் தரையில்தான் இருக்கின்றன. விரிப்பும் தரையில்தான் இருக்கிறது.

கோரை காய்ந்த புல். நெருப்புப் பட்டால் அதுவும் எரியும். பருத்தி ஜமக்காளமும் எரியும். எரிந்தால் கருகிச் சாம்பல் ஆகும்.

பிளாஸ்டிக் அப்படி அல்ல. அது உருகும். பாலிபுரோபிலின் 160 டிகிரிச் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே போனால் குழம்பாகிவிடும். பருத்தி வேட்டிக்கு இஸ்திரி போடும் பெட்டியின் சூடு இதைவிட அதிகம்! பிளாஸ்டிக் பாய் மேல் துணியை விரித்து இஸ்திரி போட்டுப் பாயோடு துணி ஒட்டிக்கொண்ட அனுபவம் சிலருக்கு இருக்கலாம்.

துணி போனால் போகட்டும். உருகிய பிளாஸ்டிக் தோலில் விழுந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் சுட்டுக்கொண்டே இருக்கும். எரியும் பிளாஸ்டிக்கின் புகையும் நஞ்சு.

அப்படி நேர்ந்துவிட்டால் என்ன செய்வது? ஓடும் குளிர்ந்த தண்ணீரில் அந்த இடத்தை 20 நிமிஷம் காட்ட வேண்டும். ஐஸ் கட்டி வேண்டாம். மை, பற்பசை, மாவு எதுவும் தடவ வேண்டாம். ஒட்டியதைப் பிய்த்து எடுக்கவே கூடாது. தோலும் சேர்ந்து வந்துவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆகவே பூஜை அறையிலும் சமையலறையிலும் பிளாஸ்டிக் பாய், நைலான் விரிப்பு வேண்டாம். கொசுவத்தியை எந்தப் பாயின் மேலும் வைக்காதீர்கள். தட்டில் வைத்துத் தள்ளி வையுங்கள்.

கம்பள ஆசை

இப்போது மகனின் ஆசைக்கு வருவோம்.

மந்திரி வந்தாலும் மாப்பிள்ளை வந்தாலும் "ரத்தினக் கம்பளம் விரித்து வரவேற்றார்கள்" என்று பத்திரிகைகளில் எழுதுகிறோம். வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால் என்ன என்று ஆசை பிறப்பது இயற்கை.

கம்பளம் குளிர்ப் பிரதேசத்துப் பொருள். பாரசீகத்திலும் காஷ்மீரிலும் தரை பனிபோல் சில்லிடும். அங்கே ஆட்டு ரோமக் கம்பளம் காலுக்குக் கதகதப்பு. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்துப் பதோஹி, மிர்சாபூர்ப் பக்கங்களில் கையால் முடிச்சுப் போட்டு நெய்கிறார்கள். ரோமம் நல்ல சரக்குத்தான். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் ஈரம் தெரியாது. எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் விலை அதிகம். பூச்சி அரிக்கும்.

வேங்கிக்கால் வீட்டுக்குக் கதகதப்பு எதற்கு?

தூசிதான் பெரிய தொல்லை. கம்பளத்தின் மயிர்க்கால்களுக்கு நடுவே தெருப் புழுதி இறங்கிவிடும். துடைப்பம் அங்கே எட்டாது. தூசியில் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் பெருகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பைக் கிளப்புவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. ரோமக் கம்பளம் ஆனாலும் நைலான் கம்பளம் ஆனாலும் இந்த விஷயத்தில் பேதம் இல்லை. சுவருக்குச் சுவர் ஒட்டிவிடும் கம்பளம் நம் ஊருக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். எடுத்து உதற முடியாத விரிப்பு என்ன விரிப்பு?

ஆசை விடவில்லையா? சிறிய கம்பளமாக வாங்குங்கள். ஒரே ஆள் தூக்கி மாடிக்குக் கொண்டுபோய்த் தட்டக்கூடிய அளவு போதும். வாங்கும்போது அதைப் புரட்டிப் பாருங்கள். முன்பக்கத்துப் பூ வேலை பின்பக்கமும் தெளிவாகத் தெரிந்தால் முடிச்சுப் போட்டு நெய்தது. பின்னால் வேறு துணியை வைத்துப் பசையால் ஒட்டியிருந்தால் அது வேறு ரகம். அதை நனைக்கக் கூடாது. பசை விட்டுப்போகும்.

இதைவிட நல்ல யோசனை ஒன்று சொல்கிறேன். பவானி ஜமக்காளம்! ஈரோடு மாவட்டத்துப் பவானியில் நெய்யும் தடித்த பருத்தி விரிப்பு இது. சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள் போட்டுக் கண்ணைப் பறிக்கும். கல்யாண வீட்டில் ஊரே உட்காரும். தட்டலாம், துவைக்கலாம், மடிக்கலாம். இதற்கும் புவிசார் குறியீடு உண்டு. விருந்தாளி வந்தால் கூடத்தில் விரியுங்கள். கம்பளத்துக்குச் சற்றும் குறையாத களை வரும். மகனும் சமாதானம் ஆவார்.

வாசலுக்குத் தென்னை நார் கால்மிதி. முரட்டு நார், மண்ணை உரசி எடுத்துவிடும். ஈரத்துக்கும் லேசில் அழுகாது. கப்பல் கயிறாகக் கடல் தண்ணீரையே தாங்கிய நார் அல்லவா!

கடையில் ஏமாறாதீர்கள்

கோரை நிறத்தில் பிளாஸ்டிக் பாயும் விற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை நகத்தால் கீறுங்கள். கோரை நார் நாராகப் பிரியும். பிளாஸ்டிக் வளைந்து நிமிரும். மோந்து பாருங்கள். புதுக் கோரையில் வைக்கோல் மணம் வரும். நிறத்திலும் இழைக்கு இழை சிறிது வேறுபாடு இருக்கும். எல்லா இழையும் ஒரே அச்சாக மினுங்கினால் சந்தேகப்படுங்கள்.

பாவு நூலையும் பாருங்கள். கோரை நல்லதாக இருந்தாலும் பாவு இற்றுவிட்டால் பாய் போச்சு. இப்போது நைலான் பாவும் போடுகிறார்கள். அது உழைக்கும். பருத்திப் பாவு மென்மையாக இருக்கும். எது என்று கேட்டு வாங்குங்கள். ஓரம் நன்றாக மடித்துக் கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பாய் முதலில் பிரிவது ஓரத்தில்தான்.

ஜமக்காளம், கம்பளம் என்றால் ஒரு இழை பரீட்சை உண்டு. பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள். உதிர்ந்த இழை ஒன்றை இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரியும் வாடை வந்து மெல்லிய சாம்பல் விழுந்தால் பருத்தி. தலைமயிர் கருகும் வாடை வந்தால் ஆட்டு ரோமம். உருகி, ஆறியதும் கெட்டியான மணி ஆனால் அது செயற்கை இழை.

விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விலையை ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 300 ரூபாய்ப் பாய் ஓர் ஆண்டில் நொறுங்கினால் ஆண்டுக்கு 300 ரூபாய் செலவு. 800 ரூபாய்ப் பாய் நான்கு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 200 ரூபாய்தான். எது மலிவு?

டைல்ஸ் தரைக்கு ஒரு எச்சரிக்கை. பாய் ஆனாலும் சிறு கம்பளம் ஆனாலும் வழவழப்பான தரையில் வழுக்கும். நடக்கும் வழியில் விரிக்காதீர்கள். விரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் அடியில் ரப்பர் வலை போடுங்கள். வயதானவர் ஒரு முறை விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். முழங்கால் வலியால் தரையில் உட்கார்ந்து எழ முடியாதவர்கள் கோரைப் பாயை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். கட்டில்மேல் விரித்துப் படுக்கலாம்.

வேங்கிக்கால் வீட்டாருக்கு நான் சொல்லும் கணக்கு இதுதான்: படுக்க வந்தவாசிக் கோரைப் பாய் ஆளுக்கு ஒன்று, கூடத்துக்கு ஒரு ஜமக்காளம், வாசலுக்கு ஒரு நார் மிதி, மாடிக்கும் கிரிவலத்துக்கும் ஒரே ஒரு பிளாஸ்டிக் பாய்.

கோரைப் பாய் நைந்துபோனால் வீசிவிட வேண்டாம். வடகம், வற்றல் காயவைக்க வெட்டி வைத்துக்கொள்ளலாம். அதற்கும் ஆகாது என்றால் பாவு நூலை உருவிவிட்டு, கோரையைத் துண்டு துண்டாக நறுக்கித் தென்னை மரத்தடியில் போடுங்கள். மழை இரண்டு விழுந்தால் மக்க ஆரம்பித்துவிடும். பழைய பிளாஸ்டிக் பாயைத் தெருவில் கொளுத்தாதீர்கள். குப்பை வண்டி வரும்போது தனியாகக் கொடுத்துவிடுங்கள்.